விலை கொடுத்து வாங்கிய பிளக் யாருக்குச் சொந்தம்?

தஞ்சாவூரில் உள்ள எங்கள் வீட்டில், அம்மாவின் படுக்கையறை விளக்கு ஒரு ஸ்மார்ட் பிளக் வழியாக எரிகிறது. மூட்டுவலியால் அவதிப்படும் அவர், கதவருகே இருக்கும் சுவிட்ச் வரை இருட்டில் நடக்க வேண்டாம் என்பதற்காக ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அதை வாங்கிப் பொருத்தினேன். தலைமாட்டில் இருக்கும் கைபேசியைத் தொட்டால் போதும், விளக்கு எரியும். கடந்த ஐப்பசி மழையில் ஒரு மாலை, தெருவில் கேபிள் அறுந்து இணையம் நின்றுபோனது. மின்சாரம் இருந்தது. வீட்டு வைஃபையும் இன்வெர்ட்டரின் தயவில் உயிரோடு இருந்தது. ஆனால், இரவு இரண்டு மணிக்கு எழுந்த அம்மா கைபேசியை எத்தனை முறை தொட்டும் விளக்கு எரியவில்லை. ‘சாதனம் இணைப்பில் இல்லை’ என்றது செயலி. பிளக்கில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதுவோ அலமாரியின் பின்னால். இருட்டில் நடந்தவர் மேசை முனையில் முழங்காலை இடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை, வீங்கிய முழங்காலில் எண்ணெய் தடவியபடி அம்மா கேட்டார்: “ஏன்டா, எதிர்ல இருக்கற விளக்கைப் போட, எங்கேயோ இருக்கறவங்களைக் கேட்டுட்டுத்தான் போடணுமா?”

ஆம் என்பதுதான் நேர்மையான பதில். பத்தடி தூரத்தில் இருக்கும் விளக்குக்கு அம்மா இடும் கட்டளை, அறையைக் குறுக்கே கடப்பதில்லை. கைபேசியிலிருந்து ரௌட்டர், அங்கிருந்து இணைய நிறுவனம், அங்கிருந்து எங்கோ ஒரு தரவு மையம், அங்கே பிளக்கைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வர், பிறகு வந்த வழியே திரும்பி எங்கள் வீட்டுச் சுவர். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விளக்கு எரியாது. இணையம் அறுந்தால் சில மணி நேரத்தில் சரியாகும். சங்கிலியின் மறுமுனையில் இருக்கும் நிறுவனமே கடையைச் சாத்தினால் என்ன ஆகும்?

கடை சாத்தியவர்களின் பட்டியல்

இது கற்பனையான அச்சம் அல்ல. வீட்டுச் சாதனங்களை ஒருங்கிணைக்கும் ‘ரிவால்வ்’ என்ற கருவி அமெரிக்காவில் சுமார் 300 டாலருக்கு விற்கப்பட்டது. கூகுளின் குழுமத்தைச் சேர்ந்த நெஸ்ட் நிறுவனம் 2014-இல் ரிவால்வை வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியது. கருவியில் எந்தப் பழுதும் இல்லை. ஆனாலும், அது அன்று முதல் வெறும் பிளாஸ்டிக் பெட்டியாகிவிட்டது. ‘பெஸ்ட் பை’ என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனம், ‘இன்சிக்னியா’ என்ற தன் சொந்தப் பெயரில் விற்ற ஸ்மார்ட் பிளக் முதலான பொருள்களின் சேவையை 2019 நவம்பரில் முடித்துக்கொண்டது. 2022 ஏப்ரலில் ‘இன்ஸ்டியான்’ நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் இருண்டன. அதன் பயனாளர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து நிறுவனத்தின் சொத்துகளை வாங்கிய பிறகே, அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் சேவை மீண்டது.

அண்மைய எடுத்துக்காட்டு, ஸ்மார்ட் பிளக் துறையின் முன்னோடிகளில் ஒன்றான பெல்கின் நிறுவனத்தின் ‘வீமோ’. பெரும்பாலான வீமோ சாதனங்களுக்கான கிளவுட் சேவையை 2026 ஜனவரி 31-ஆம் தேதியுடன் நிறுத்துவதாக அந்நிறுவனம் 2025 ஜூலையில் அறிவித்தது. அந்த அறிவிப்பில் கவனிக்க வேண்டிய ஒரு விவரம் உண்டு. ஆப்பிளின் ‘ஹோம்கிட்’ முறையில் ஏற்கெனவே இணைக்கப்பட்ட சாதனங்கள் தொடர்ந்து வேலை செய்யும் என்றது நிறுவனம். காரணம் எளிது: ஹோம்கிட்டில் கட்டளை வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பயணிக்கிறது, வெளியே இருக்கும் சர்வரின் அனுமதி அதற்குத் தேவையில்லை. ஒரே ஆலையில் உருவான, ஒரே விலைக்கு விற்கப்பட்ட இரண்டு பிளக்குகளில் ஒன்று உயிர் பிழைக்கிறது; இன்னொன்று குப்பைக்குப் போகிறது. ஆக, இந்தப் பொருள்களின் ஆயுளைத் தீர்மானிப்பது அவற்றின் உறுப்புகளின் தேய்மானம் அல்ல. கட்டளை செல்லும் பாதை.

நிறுவனம் மூடப்படக்கூட வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 20 அன்று அமேசான் வெப் சர்வீசஸின் அமெரிக்கக் கிழக்கு மண்டலத்தில் ஏற்பட்ட கோளாறால், அலெக்ஸா குரல் உதவியாளர், ரிங் அழைப்புமணி முதல் வெப்பநிலையைத் தானே சீராக்கும் ‘எய்ட் ஸ்லீப்’ படுக்கைகள் வரை முடங்கின. படுத்துறங்கும் கட்டிலின் சூட்டைக் குறைக்க, வெர்ஜீனியாவில் ஒரு தரவு மையம் நலமாக இருக்க வேண்டியிருந்தது.

பெட்டியைத் திறந்தபோது

அம்மாவின் கேள்விக்கு நான் ஒரு வாரம் கழித்துச் செயலால் பதில் சொல்ல முயன்றேன். கீழவாசலில் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நண்பரிடம் அந்தப் பிளக்கைக் கொண்டுசென்றேன். திருகாணிகளைக் கழற்றினால், உள்ளே இருப்பவை மிகச் சில. மின்சாரத்தைத் தொடுக்கவும் துண்டிக்கவும் ஒரு ரிலே. 230 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் ஒரு சிறு மின்சுற்று. மின்நுகர்வை அளக்கும் ஒரு சில்லு. இவை அனைத்துக்கும் மூளையாக, ஷாங்காயின் எஸ்பிரசிஃப் நிறுவனம் தயாரிக்கும் ‘இஎஸ்பி8266’ என்ற வைஃபை சில்லு. விளக்கைப் போட்டு அணைக்கத் தேவையான எல்லாம் அந்தச் சிறிய பலகையிலேயே இருக்கின்றன. சர்வரைக் கேட்காமல் விளக்கைப் போடாதே என்று அந்த மூளைக்கு எழுதிவைக்கப்பட்ட மென்பொருள் மட்டுமே தடை.

அந்த மென்பொருளை மாற்றலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த தியோ அரெண்ட்ஸ் தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வளர்த்த ‘டாஸ்மோட்டா’ என்ற திறந்தமூல மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. நண்பர் அந்தப் பலகையில் நான்கு மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்தார்: மின்னூட்டத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, தரவு அனுப்ப ஒன்று, பெற ஒன்று. சில நூறு ரூபாய் மதிப்புள்ள யுஎஸ்பி இணைப்பான் ஒன்றின் வழியாக அதை என் மடிக்கணினியுடன் இணைத்தோம். முதலில் பழைய மென்பொருளை நகலெடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, பிறகு புதியதை எழுதினோம். கம்பிகளைப் பற்றவைக்கப் பிடித்த நேரத்தைவிட, மென்பொருளை ஏற்றப் பிடித்த நேரம் குறைவு.

இப்போது அம்மாவின் கைபேசியிலிருந்து கட்டளை ரௌட்டருக்குப் போய், நேராகப் பிளக்குக்கு வருகிறது. அவ்வளவுதான் பயணம். இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விளக்கு எரிகிறது. மின்வெட்டு நீங்கும்போது விளக்கு எரிய வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா, முன்பிருந்த நிலைக்குத் திரும்ப வேண்டுமா என்பதைக்கூட நானே தேர்ந்தெடுக்க முடிகிறது. மின்வெட்டு நமக்குப் புதிதல்ல. விளக்குக்கு முந்தைய நிலை சரி. இஸ்திரிப் பெட்டிக்கு அணைந்த நிலைதான் சரி. இந்த முடிவை எடுக்க வேண்டியவர் வீட்டில் இருப்பவர்தானே?

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. அம்மா எப்போது உறங்குகிறார், இரவில் எத்தனை முறை எழுகிறார் என்பது இதுவரை ஒவ்வொரு முறையும் வெளியே போய்ப் பதிவாகிக்கொண்டிருந்தது. இப்போது அந்தச் செய்தி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை.

இது எல்லோருக்குமான வழி அல்ல

இதைப் படித்துவிட்டு யாரும் திருப்புளியைத் தேடிச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இத்தகைய பிளக்குகள் பலவற்றில், உள்ளிருக்கும் குறைந்த மின்னழுத்தப் பகுதி வீட்டு மின்சாரத்திலிருந்து முறையாகப் பிரிக்கப்பட்டிருப்பதில்லை. திறந்த நிலையில் அதைச் சுவரில் செருகினால், 3.3 வோல்ட் என்று நினைத்துத் தொடும் கம்பியில் 230 வோல்ட் இருக்கக்கூடும். உயிருக்கே ஆபத்து. கணினியில் மாட்டியிருந்தால் அதுவும் போய்விடும். எங்கள் பிளக் திறந்திருந்த நேரம் முழுவதும் சுவருக்கு அருகில்கூடச் செல்லவில்லை. திறந்த கணத்தில் உத்தரவாதமும் காலாவதியாகிறது. புதிய மென்பொருளும் கவனத்தைக் கோருவதே: அதற்குக் கடவுச்சொல் வைப்பதும், வெளி இணையத்திலிருந்து அதை யாரும் எட்ட முடியாதபடி பார்த்துக்கொள்வதும் இனி நம் பொறுப்பு.

இத்தனை கவனத்துடன் செய்தாலும், இந்த வழி ஒவ்வொரு நாளும் குறுகிவருகிறது. என் பிளக் வெற்றிபெற்ற உற்சாகத்தில் அண்மையில் இன்னொன்று வாங்கினேன். வெளித்தோற்றம் ஏறக்குறைய அதேதான். ஒட்டப்பட்டிருந்த பெட்டியைப் பிளந்து பார்த்தால், உள்ளே வேறொரு நிறுவனத்தின் சில்லு. டாஸ்மோட்டா அதில் ஓடாது. அத்தகைய சில சில்லுகளுக்கும் தன்னார்வலர்கள் மாற்று மென்பொருள் எழுதியிருக்கிறார்கள். ஆனால், எந்தப் பெட்டிக்குள் எந்தச் சில்லு இருக்கிறது என்பதை வாங்குபவர் கடையில் நின்று அறிய வழியே இல்லை.

இதில் ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுகூரத்தக்கது. பல்வேறு வணிகப் பெயர்களில் விற்கப்படும் ஸ்மார்ட் பிளக்குகளுக்குப் பின்னால், 2014-இல் சீனாவின் ஹாங்சோவில் தொடங்கப்பட்ட ‘டுயா’ என்ற ஒரே தளம் இருப்பதுண்டு. அத்தளத்தில் இயங்கும் சாதனங்களில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளை, 2018 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த கணினி ஆர்வலர்கள் மாநாட்டில் ஓர் ஆய்வாளர் விளக்கினார். அந்த ஓட்டைகளின் வழியே, பெட்டியைத் திறக்காமல், பற்றவைக்காமல், வைஃபை மூலமே மென்பொருளை மாற்றும் கருவி ஒன்றும் வந்தது. ஆர்வலர்கள் கொண்டாடினார்கள். பின்னர் நிறுவனம் ஓட்டைகளை அடைத்தது.

நிறுவனம் செய்தது சரிதான். உரிமையாளர் நுழையும் ஓட்டை வழியே திருடரும் நுழைவார். இணையத்தோடு இணைந்த பாதுகாப்பற்ற கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றிய ‘மிராய்’ என்ற தீநிரல், 2016 அக்டோபரில் அமெரிக்காவின் பெரும் இணையதளங்கள் பலவற்றை முடக்கியதை உலகம் மறக்கவில்லை. சுவரின் ஓட்டையை அடைத்ததில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால், வீட்டுக்காரருக்கென்று ஒரு கதவும் அதற்கொரு சாவியும் தராமல் விட்டதுதான் குறை. தன் வீட்டுக்குள் நுழைய ஒருவர் ஓட்டையைத் தேட வேண்டியிருப்பது அவருடைய குற்றமல்ல.

நிறுவனங்களின் தரப்பு

நிறுவனங்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். ஊரில் இல்லாதபோதும் வீட்டு விளக்கை இயக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்களே கேட்கிறார்கள். அதற்குச் சர்வர் தேவை. குரல் கட்டளைக்கும் பாதுகாப்பு மேம்பாடுகளுக்கும் தேவை. சர்வர் நடத்த மாதந்தோறும் செலவாகும். ஒருமுறை வாங்கிய ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு என்றென்றும் அதை நடத்த முடியாது.

இவை அனைத்தும் உண்மை. அதனால்தான் நான் சர்வரை என்றென்றும் நடத்தச் சொல்லவில்லை. தொலைவிலிருந்து இயக்கச் சர்வர் வேண்டும் என்பதிலிருந்து, வீட்டுக்குள் இயக்கவும் சர்வர் வேண்டும் என்பது எப்படிப் பெறப்படும்? இரண்டையும் பிரிப்பதில் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. ஆப்பிள், கூகுள், அமேசான் ஆகிய போட்டியாளர்கள் மூவருமே கைகோத்து உருவாக்கிய ‘மேட்டர்’ என்ற பொதுத் தரநிலையின் முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வெளியானது. வீட்டு வலையமைப்புக்குள்ளேயே சாதனங்கள் பேசிக்கொள்வதுதான் அதன் அடிப்படை. எனவே, இது முடியுமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. செய்ய வைப்பது யார் என்பதே மீதமுள்ள கேள்வி.

சட்டங்கள் எங்கே நிற்கின்றன?

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், இணையத்தோடு இணையும் நுகர்பொருள்களுக்கு எவ்வளவு காலம் பாதுகாப்பு மேம்பாடுகள் கிடைக்கும் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்கிறது. எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொற்களையும் அது தடைசெய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘சைபர் தாங்குதிறன் சட்டம்’ 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்தது; அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். பொருளின் எதிர்பார்க்கப்படும் பயன்பாட்டுக் காலம் அதைவிடக் குறைவாக இருந்தாலொழிய, குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஆதரவு தர வேண்டும் என்பது அதன் விதி. அமெரிக்காவின் நிலைமையை ஃபெடரல் வணிக ஆணையத்தின் ஊழியர்கள் 2024 நவம்பரில் வெளியிட்ட ஆய்வு காட்டியது: அவர்கள் பார்த்த 184 ஸ்மார்ட் பொருள்களில் ஏறக்குறைய 89 சதவீதத்துக்கு, எத்தனை காலம் மென்பொருள் ஆதரவு கிடைக்கும் என்ற தகவல் உற்பத்தியாளரின் இணையதளத்தில் இல்லை.

இந்தியாவில் நிலை என்ன? 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கான இணைய வாயிலை மத்திய அரசு தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது கையிலெடுத்தது. நல்ல தொடக்கம். ஆனால், உதிரிபாகம், கையேடு, பழுதுபார்ப்பு மையம் என்ற எண்ணத்தில் எழுந்த ஏற்பாடு அது. ரிலேயும் சில்லும் நலமாக இருக்க, சர்வர் மட்டும் செத்துப்போன பொருளுக்கு எந்த உதிரிபாகத்தை மாற்றுவது?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நம்பிக்கைக் கீற்று உண்டு. நியாயமான காரணமின்றி ஒரு தரப்பு தன்னிச்சையாக ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடமளிக்கும் விதிமுறைகளை, ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற வரையறைக்குள் அச்சட்டம் சேர்த்திருக்கிறது. ‘எப்போது வேண்டுமானாலும் சேவையை நிறுத்துவோம்’ என்று செயலியின் நிபந்தனைகளில் எழுதிவைக்கும் வழக்கத்தை இந்த வரையறையின்கீழ் கேள்விக்கு உட்படுத்த முடியும் என்பது என் வாசிப்பு. ஆனால், நியாயமற்ற ஒப்பந்தம் குறித்த புகார்களை விசாரிக்கும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கே அளிக்கப்பட்டிருக்கிறது. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. ஆயிரம் ரூபாய் பிளக்குக்காகத் தஞ்சாவூரிலிருந்து ஒருவர் மாநில ஆணையத்தின் படியேறுவாரா?

மென்பொருளை மாற்றுவது சட்டவிரோதமோ என்ற அச்சமும் பலருக்கு இருக்கிறது. அமெரிக்காவில் டிஜிட்டல் பூட்டைத் திறப்பது பொதுவாகவே தடைசெய்யப்பட்டிருப்பதால், வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்ப்பதற்கு 2018-இல் தனியாக விலக்குப் பெற வேண்டியிருந்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவோ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. இந்த விஷயத்தில் நம் சட்டம் நிதானமானது. அந்த நிதானத்தைத் தெளிவான உரிமையாக வளர்த்தெடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். முதலாவது, வீட்டுக்குள் பொருத்தப்படும் எந்தச் சாதனமும், அதன் அடிப்படை வேலையை இணையம் இல்லாமல் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே செய்ய வேண்டும். பிளக் என்றால் போடுவதும் அணைப்பதும். மின்விசிறி என்றால் வேகம் மாற்றுவதும். இதைத் தரச்சான்றின் நிபந்தனையாக்கலாம். மின்கசிவைச் சோதிக்கும் நாம், இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்ப்பது பெரிய காரியம் அல்ல.

இரண்டாவது, சேவை எந்த ஆண்டு வரை கிடைக்கும் என்பது பெட்டியின் மேல், அதிகபட்ச விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். பிஸ்கட் பொட்டலத்துக்குக் காலாவதித் தேதி கேட்கும் நாம், அதைவிடப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கும் பொருளுக்கு அதைக் கேட்காமல் இருக்கிறோம்.

மூன்றாவது, சேவையை நிறுத்தும் நிறுவனம், நிறுத்துவதற்கு முன்பே பூட்டைத் திறந்துவிட வேண்டும். மாற்று மென்பொருளை ஏற்றுவதற்கான சாவியையும் குறிப்புகளையும் வெளியிட வேண்டும். தான் இனிப் பராமரிக்கப்போவதில்லை என்று கைவிட்ட பொருளின் மீது, தன்னைத் தவிர வேறு யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை யாருக்கும் இருக்கக் கூடாது.

இவை நிறைவேறினால், கீழவாசல் நண்பரைப் போன்ற ஆயிரக்கணக்கான பழுதுபார்ப்பவர்களுக்கும் புதிய பிழைப்பு பிறக்கும். வானொலியையும் தொலைக்காட்சியையும் மிக்சியையும் தலைமுறை தலைமுறையாக உயிர்ப்பித்த கைகள் அவை. அவர்களிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. திறக்கக்கூடிய பெட்டிகளுக்குத்தான் பஞ்சம்.

அம்மாவின் அறையில் அந்தப் பழைய பிளக் இப்போதும் இயங்குகிறது. புதிதாக வாங்கியது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கார்த்திகையில் ஒருநாள் மறுபடியும் இணையம் போனபோது, அம்மா நள்ளிரவில் எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டார். இணையம் போயிருந்ததே அவருக்குக் காலையில் நான் சொல்லித்தான் தெரிந்தது.